வியாழக்கிழமை பின்னேரம் ஓடிப் பார்ப்போம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குத் திருகோணமலையில் சைக்கிள் ஓடுறதுக்குப் பெரிய துணிச்சல் ஒன்றும் தேவையில்லை. பஸ் குறைவு. ஸ்கூல் வான் இல்லை. கடைகள் பூட்டு. கோணேசர் கோயிலுக்குப் போற ஒன்றிரண்டு ஆட்டோவும் வெளியூர் வான்களும்தான் வீதியில். சைக்கிள் பாதுகாப்புக்காக விழிப்புணர்வு ஓட்டம் வைக்கிற எல்லாரும் தப்பாமல் இந்த நேரத்தைத்தான் தெரிவு செய்கிறார்கள். ஆபத்தே இல்லாத நேரத்தில் கூடி ஆபத்தைப் பற்றிக் கதைக்கிறோம்.

நானும் அப்படி மூன்று ஓட்டத்துக்குப் போயிருக்கிறேன். கம்பஸ் லீவில் வீட்டை வந்தால் நாலாவதுக்கும் போவேன், அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் (பெயர்ப்பலகையில் உவர்மலை, வாயில் வாறது ஓர்ஸ் ஹில்தான்) இருபது முப்பது பேர் கூடுவோம். உட்துறைமுக வீதியால கடலைப் பார்த்துக்கொண்டு போய், டவுனுக்குள்ளால டச்பே கடற்கரைக்கு வந்து, பிரெட்றிக் கோட்டைக்குள்ள நிற்கிற மான்களோட ஒரு படம். பிறகு ஆளுக்கொரு பிளேன்ரீ. காத்து நல்லா இருக்கும். ஊரை அந்த வேகத்தில் பார்க்கிறதே ஒரு சந்தோசம்.

கடைசியில் யாராவது ஒருவர் நாலு வார்த்தை பேசுவார். ஹெல்மெட் போடுங்கள். பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள். இடது பக்கமாகவே போங்கள். போன் கதைச்சுக்கொண்டு ஓடாதீர்கள். எல்லாம் சரியான புத்திமதிதான். ஆனால் அத்தனையும் சைக்கிள்காரருக்கு. வீதியில் மற்றவர் யாருக்கும் ஒரு சொல் இல்லை, வீதியைப் போட்டவர்களுக்கும் இல்லை. அடிபடுறவர் என்னென்ன செய்ய வேண்டும் என்று அடிபடுறவர்களே கூடி நின்று கேட்டுக் கைதட்டிவிட்டு வருகிறோம்.

போன முறை அந்தப் பேச்சு நடக்கும்போது எங்களைத் தாண்டி ஒரு ஐயா போனார். பின் கரியரில் மீன் பெட்டி, அதற்கு மேல் தராசு. நாங்கள் வீதியை அடைச்சு நின்றதால் பெல்லை இரண்டு தரம் அடிச்சார். ஹெல்மெட் இல்லை, பளிச்சென்ற உடுப்பும் இல்லை. அந்த இடத்தில் நின்ற எல்லாரையும் சேர்த்தாலும் அவர் ஓடிய கிலோமீற்றருக்குக் கிட்ட வராது. அவரை யாரும் ஓட்டத்துக்குக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கூப்பிட்டாலும் அவருக்கு அது வேலை நேரம்.

இந்த ஊரில் உண்மையில் சைக்கிள் ஓடுறது யார்? விடிய நாலரைக்கு மீன் எடுக்கப் போறவர்கள். கொல்லுறும் மட்டக்கோலும் கட்டிக்கொண்டு போற மேசன்மார். உப்புவெளிப் பக்க ஹோட்டல் குசினிகளில் வேலை முடிச்சு இரவு பத்து மணிக்குத் திரும்புற பெடியள். வீட்டு வேலைக்குப் போற அம்மாமார். பின்னேரம் ஒரு டியூசனில் இருந்து இன்னொரு டியூசனுக்கு ஓடுற பிள்ளைகள். இவர்களில் ஒருவருக்கும் ஞாயிறு காலை ஆறரை மணி ஒரு பொருட்டில்லை. அவர்களுக்குப் பயமான நேரம் இரண்டு: விடியிறதுக்கு முன், பின்னேரம் இருட்டுப்படும்போது.

அதனால்தான் சொல்கிறேன்: ஓட்டத்தை வியாழக்கிழமை பின்னேரத்துக்கு மாற்றுவோம். ஐந்தே முக்காலுக்குத் தொடங்கி, டவுனுக்குள்ளால போய், வடகரை வீதியால அநுராதபுரச் சந்தி வரைக்கும். படம் எடுக்க வசதியில்லாத பாதை. டியூசன் விடுற நேரம், வேலை விடுற நேரம், எங்கட ஊரில் பொழுது படுற நேரம் எல்லாம் அந்த முக்கால் மணித்தியாலத்துக்குள் வந்து விழும். அந்த நேரத்தில் வீதி எப்படி இருக்கு என்று ஒருதரம் உழக்கிப் பார்த்தால் பாதுகாப்புப் பேச்சு வேற மாதிரிப் போகும்.

எப்படி இருக்கு? ஓரத்தில் ஒரு வெள்ளைக்கோடு. கோட்டுக்கு அங்கால ஒன்றரை அடியோ இரண்டு அடியோ தார், அதுதான் எங்கட பங்கு. அதில் முதலில் நிற்கிறது ஆட்டோ. அதற்கு அடுத்தது கதவைத் திறக்கப்போற கார். பிறகு கடைக்காரர் வெளியில் வைத்த பலகை. பிறகு காணின் மேல் மூடி உடைஞ்ச இடம். பிறகு கடல்மண், இதில் முன் சில்லு வழுக்கினால் ஆள் விழுறது வீதிப் பக்கமாகத்தான். ஒவ்வொன்றையும் சுற்ற கோட்டுக்கு வெளியால வரவேண்டும், வந்தால் பின்னால பஸ் ஹோர்ன். ஒரு கிலோமீற்றருக்குள் பத்துப் பதினைந்து தரம் இப்படி உள்ளே வெளியே என்று போய் வருகிறோம். “சைக்கிள்காரர் நேராப் போறேல்ல” என்று ஓட்டுநர்மார் ஏசுறது உண்மைதான். நேராப் போக விட்டால்தானே.

இருட்டில் மாடு நிற்கும், மானும் நிற்கும். டவுனுக்குள் மான் திரியிற ஊர் என்று வெளியாட்கள் ஆசையாப் படம் பிடிப்பார்கள். டைனமோ வெளிச்சத்தில் திடீரென்று இரண்டு கண் மினுங்கினால் தெரியும் ஆசை.

ஹெல்மெட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஹெல்மெட்டுக்கு எதிரி என்று கீழே எழுதுவீர்கள். போடுங்கள். தனியே விழுந்தால் மண்டையைக் காக்கும். இலங்கையில் மோட்டார் சைக்கிள்காரருக்கு ஹெல்மெட் சட்டம், சைக்கிள்காரருக்கு இல்லை. ஆனால் நாட்டில் ஒவ்வொரு வருடமும் 2000 பேருக்கு மேல் வீதியில் சாகிறார்கள், அதில் ஒரு பெரிய பங்கு மோட்டார் சைக்கிளில் போன ஆட்கள். சட்டப்படி ஹெல்மெட் போட வேண்டியவர்களே இவ்வளவு பேர் சாகிறார்கள் என்றால் மிச்சக் கணக்கு வேறு எங்கோ இருக்கு.

அது வேகத்தில் இருக்கு. நான் ஆர்ட்ஸ் பீடம், பௌதிகம் எனக்குக் கொஞ்சம் தூரம், ஆனால் இந்தக் கணக்கு எனக்கும் வரும். மணிக்கு 30 கிலோமீற்றரில் வாற கார் ஒரு செக்கனில் 8 மீற்றருக்குக் கொஞ்சம் கூட ஓடும். 50இல் வாறது கிட்டத்தட்ட 14 மீற்றர். ஒரு பிள்ளை குறுக்கே வந்ததைக் கண் கண்டு கால் பிறேக்குக்குப் போக ஒரு செக்கன் எடுக்கும் என்று வைப்போம். 30இல் வந்த கார் பிறேக் பிடிச்சு, காய்ஞ்ச வீதி என்றால், மொத்தம் 13 மீற்றர் அளவில் நின்றுவிடும். 50இல் வந்த கார் அதே 13 மீற்றரில் இன்னும் பிறேக்கையே தொட்டிருக்காது. முழு வேகத்தில் வந்து அடிக்கும். எங்கட நாட்டில் ஊர்மனைக்குள் கார், மோட்டார் சைக்கிளுக்கு வேக எல்லை 50, ஆட்டோவுக்கு 40. அதாவது அந்த 50 சட்டத்துக்கு உட்பட்ட வேகம். 2020 பெப்ரவரியில் ஸ்டொக்ஹோமில் உலக நாடுகளின் அமைச்சர்கள் கூடி, நடக்கிறவர்களும் சைக்கிள்காரரும் வாகனங்களும் கலந்து போற வீதிகளில் 30தான் உச்சம் என்று ஒரு பிரகடனம் செய்தார்கள். பள்ளிக்கூடங்களும் டியூசன் கொட்டில்களும் சூழ்ந்த எங்கட டவுன் வீதிகளை விடக் கலந்து போற வீதி எங்கே இருக்கு?

இதெல்லாம் எனக்கு வெறும் கணக்கா இருந்த விஷயம்தான், என் மாமாவின் மகள் விழும் வரைக்கும். அவள் பாலையூற்றில் இருக்கிறாள், அப்போது பத்தாம் ஆண்டு. டவுனில் கணித வகுப்பு, நாலு கிலோமீற்றர்கூட வராது, சைக்கிளில்தான் போய் வந்தாள். ஒரு கார்த்திகை மாதப் பின்னேரம், மழை தூறிக்கொண்டிருக்க, பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று அவளின்ட ஹாண்டிலைத் தட்டிக்கொண்டு போயிட்டுது. காணுக்குள் விழுந்து இடது மணிக்கட்டு வெடிப்பு. தட்டினவர் நிற்கவில்லை. ஆறு கிழமையில் கை சுகமாகிவிட்டது. சைக்கிள்தான் சுகமாகவில்லை. மாமி அதைத் தாழ்வாரத்தில் சாத்தினவா, இன்னும் அங்கேயே நிற்குது, இரண்டு ரயரும் தரையோட ஒட்டிப்போச்சு.

பிறகு ஒரு பகிர்வு ஆட்டோ ஒழுங்கு செய்தார்கள். மாதம் ஆறாயிரம். மாமா கூலி வேலை. மூன்று மாதம் கட்டிப் பார்த்துவிட்டு, கணித வகுப்பா விஞ்ஞான வகுப்பா என்று ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். அவள் கணிதத்தை வைத்துக்கொண்டாள். ஒரு பிள்ளை ஏ/எல்லில் என்ன படிக்கலாம் என்பதை அந்த ஒன்றரை அடித் தார் தீர்மானிக்குது என்று நான் சொன்னால் கூட்டிச் சொல்வதாக நினைப்பீர்கள். எங்கட வீட்டில் அது நடந்தது.

அவளின்ட அண்ணன் அதே வீதியில் இரண்டு தரம் விழுந்தவன். அவன்ட சைக்கிளை யாரும் சாத்தவில்லை. இதையும் சொல்லியாக வேண்டும். பெட்டைப் பிள்ளை என்றால் விபத்து ஒரு காரணம். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்து பக்கத்தில் மெதுவாக்கிக் கதை சொல்ற பெடியள் இரண்டாவது காரணம். “வயசுக்கு வந்த பிள்ளை” என்று சொந்தக்காரர் சொல்றது மூன்றாவது. முதலாவது வந்தால் மற்ற இரண்டும் கூட வந்து கதிரை போட்டு உட்கார்ந்துவிடும்.

நான் படிக்கிறது யாழ்ப்பாணத்தில். அங்கே போன முதல் கிழமையில் எனக்குப் பிடிபட்ட வித்தியாசம் இதுதான். திருநெல்வேலிச் சந்தியில் பின்னேரம் நின்றால் சைக்கிளில் போற பெண்களை எண்ணி முடியாது: கம்பஸ் பிள்ளைகள், ரீச்சர்மார், சாறியோட வங்கிக்குப் போய் வாறவர்கள், கூடையில் மரக்கறியோட அம்மம்மாமார். யாரும் திரும்பிப் பார்க்கிறதில்லை. இடம் மட்டமான இடம் என்பது உண்மை, எங்கட ஓர்ஸ் ஹில் ஏற்றம் அங்கே இல்லை. ஆனால் அது மட்டும் காரணமில்லை. 1990இல் இருந்து வருடக்கணக்காகப் பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை, மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடிய காலம். அப்போது சைக்கிள்தான் பஸ், சைக்கிள்தான் லொறி, சிலருக்கு அம்புலன்சும் அதுதான். வீட்டில் ஒரு சைக்கிள் என்றால் ஆணும் பெண்ணும் எல்லாரும் ஓடித்தான் ஆகவேண்டும். யாரும் விரும்பி எடுத்த பழக்கம் அது இல்லை, அந்தக் காலத்தைப் பற்றி எனக்கு ஒரு ஏக்கமும் கிடையாது. ஆனால் பெண் சைக்கிளில் போறது சாதாரணம் என்ற ஒன்று அதிலிருந்து மிஞ்சியிருக்கு. சாதாரணமாக இருப்பதுதான் பெரிய பாதுகாப்பு. எங்கட பக்கத்தில் அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் பெரியாட்கள் சொல்றது வேற: சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி உருட்டினது, கடை வாசலில் சைக்கிளை விட்டுப் போனால் யாருடையது என்று சந்தேகப்பட்டது.

இன்னுமொரு உதாரணம் இருக்கு, அது விரும்பிச் செய்தது. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டம், 1991இல் இருந்து. அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தறிவு கொடுக்கத் தொடங்கியபோது, அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் ஓடப் பழகுவதையும் அந்த வேலையின் ஒரு பகுதியாக ஆக்கினார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் தன்ட புத்தகத்தில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் பழகியிருக்கிறார்கள். கூலி வேலை செய்றவர்கள், கல்குவாரித் தொழிலாளிகள், கிராமத் தாதிமார், ரீச்சர்மார். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பட்டபோது ஆண்களின் சைக்கிளையே எடுத்தார்கள். நடுவில் இருக்கிற பாரில் பிள்ளையை இருத்தலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. ஆம்பிளைகள் அசிங்கமாகப் பேசத்தான் செய்தார்கள். ஆனால் தனியே ஒருத்தி போகும்போது பேசுறது சுகம், நூறு பேர் சேர்ந்து போகும்போது யாரைப் பார்த்துப் பேசுறது? கூட்டமாக ஓடுறதுக்கு இப்படி ஒரு வேலை இருக்கு. எங்கட ஞாயிறு ஓட்டங்களில் நான் போன மூன்றிலும் பெண்கள் ஐந்து பேரைத் தாண்டவில்லை, ஐந்து பேரும் யாரோ ஒருவரின் தங்கச்சி அல்லது மனுசி.

சந்தர்ப்பம் எங்களுக்கும் வந்தது. 2022. சீனன்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கி நிற்கிற ஊரில், இரண்டாம் உலகப்போர்க் கப்பல்களுக்கு எண்ணெய் வைத்திருந்த ஊரில், நாங்கள் போத்தலோட பெற்றோல் வரிசையில் நின்றோம். ஜூலையில் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5. எங்கட ஒழுங்கையில் பத்து வருடம் பழஞ்சாமானோட கிடந்த லுமாலாக்கள் எல்லாம் வெளியில் வந்தன. சைக்கிள் திருத்துற கடையில் ரயருக்கும் ட்யூபுக்கும் பெயர் எழுதி வைத்துக் காத்திருந்தோம். கச்சேரி உத்தியோகத்தர் கழுத்துப்பட்டியோட சைக்கிளில் போனதைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த மாதங்களில் எங்கட வீதி சைக்கிளுக்குப் பயமில்லாத வீதியாக இருந்தது, காரணம் வாகனம் இல்லை. பிறகு பெற்றோல் வந்தது. நான் வழமையாகப் போற இடங்களில் ஒரு சைக்கிள் நிறுத்தும் கம்பிகூட அந்தக் காலத்தின் மிச்சமாக இல்லை.

நெதர்லாந்தைச் சொன்னால் “அது வெள்ளைக்காரன் நாடு” என்று முடிச்சுவிடுவார்கள். ஆனால் அங்கேயும் 1950களிலும் 60களிலும் சைக்கிளை ஓரங்கட்டிக் காருக்குத்தான் வீதி போட்டார்கள். 1971இல் மட்டும் வீதி விபத்துகளில் ஏறக்குறைய 3300 பேர் செத்தார்கள், அதில் 400க்கு மேல் பிள்ளைகள். தாய் தகப்பன்மார் வீதிக்கு இறங்கினார்கள், “பிள்ளைக் கொலையை நிறுத்து” என்பதையே இயக்கத்தின் பெயராக வைத்தார்கள். விழிப்புணர்வு என்ற மிருதுவான சொல்லை அவர்கள் எடுக்கவில்லை. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடத் தடை வந்தது. நெருக்கடி முடிஞ்ச பிறகும் அந்தச் சனம் கேட்டதை விடவில்லை. எங்களுக்கு நெருக்கடி வந்தது, கேட்கிற ஆள் இருக்கவில்லை.

யாரிடம் கேட்பது என்பதும் எங்களில் பலருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். டவுனுக்கு வந்து சேர்ற ஏ தரப் பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். இடைத்தர வீதிகள் மாகாணத்தின் வீதித் திணைக்களத்துக்கு. ஒழுங்கைகளும் சின்ன வீதிகளும் உள்ளூராட்சி சபைக்கு. வேகத்தையும் வாகனம் நிறுத்துறதையும் பார்க்கிறது போக்குவரத்துப் பொலிஸ். உடைஞ்ச காண் மூடிக்குக் கடிதம் எழுதி, அது பிழையான கந்தோருக்குப் போய், அங்கேயே கிடந்து செத்துப்போன கதைகள் ஏராளம். ஆகவே வியாழக்கிழமை ஓட்டத்தில் ஐந்து பேர் கொப்பியும் பேனையும் கொண்டு வரட்டும். எந்த இடத்தில் கோட்டுக்கு வெளியால வரவேண்டி வந்தது, எது மறிச்சது, எந்த லைட் கம்பம் எரியவில்லை, எத்தனையாவது கம்பம். அடுத்த நாள் அந்தக் குறிப்பை வீதி வாரியாகப் பிரித்து, உரிய கந்தோருக்கு, உரிய பெயரில். ஒரு மாதத்துக்குப் பிறகு அதே வியாழன், அதே பாதை, அதே கொப்பி. புது வீதி போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. டியூசன் விடுற ஒரு மணித்தியாலம் வெள்ளைக்கோட்டுக்கு அங்கால வாகனம் நிறுத்தாமல் பார்க்கச் சொல்கிறோம், காண் மூடியைப் போடச் சொல்கிறோம், லைட்டை எரிய விடச் சொல்கிறோம்.

அவ்வளவு பேர் ஒன்றாகப் போனால் வீதி மறியும் என்று நண்பன் ஒருவன் சொன்னான். இரண்டு வரிசைக்கு மேல் போகமாட்டோம்.  இன்னொருத்தி கேட்டாள், அந்த நேரத்தில் ஓடி யாருக்காவது ஒன்று நடந்தால் யார் பொறுப்பு? நியாயமான கேள்வி. ஆனால் அந்த நேரத்தில் அந்த வீதியில் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் தனித்தனியாக ஓடுகிறார்கள், அதற்கு யார் பொறுப்பு என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. 2003இல் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் பல நகரங்களின் கணக்கை வைத்து ஒன்றைக் காட்டினார்: சைக்கிள்காரர் கூடக் கூட ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்து குறையுது. ஓட்டுநர்களின் கண் பழகுது. ஒரு வியாழனில் கண் பழகாது. இருபது வியாழன் வேண்டும்.

பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. பொலிஸுக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். எல்லாரும் முன்னுக்கு வெள்ளை வெளிச்சம், பின்னுக்குச் சிவப்பு. இல்லாதவர்களுக்காக நாங்கள் சேர்ந்து பன்னிரண்டு லைட் வாங்கி வைத்திருக்கிறோம். முதலாவது ஓட்டம் டியூசன் பிள்ளைகள் வீட்டை போற பாதையில், அவர்களின் வேகத்தில். முன்னுக்குப் பெண்கள் போகட்டும், ஏற்றத்தில் இறங்கி உருட்டுறவர்களுக்காக மற்றவர்களும் நிற்கட்டும். டவுனில் சைக்கிள் திருத்துற ஐயாவிடம் கதைச்சாச்சு. வழமையா ஆறுக்குப் பூட்டுறவர், அன்றைக்கு ஏழு மட்டும் திறந்து வைக்கிறாராம், ஒட்டுப் போடுறதுக்குக் காசு வேண்டாமாம், ட்யூப் மாத்தினால் மட்டும் தரட்டாம். பாலையூற்றுச் சைக்கிளை முதல்நாளே கொண்டுபோய் விடச் சொல்லியிருக்கிறேன். மாமி இன்னும் ஓம் என்று சொல்லவில்லை.